தனியாகப் பார்க்கத் தகுதியானவர்

மருத்துவச்சி உரிமம் பெற என்னென்ன வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நர்சிங் படித்திருக்க வேண்டும். நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பிரசவ வார்டில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். பயிற்சிக் காலத்தை முழுதாக முடித்திருக்க வேண்டும். மேற்பார்வையில் இத்தனை பிரசவம் என்று ஒரு கணக்கு. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு.

மரகதத்திடம் இவை எல்லாம் இருந்தன. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல்.

பலகையின் அடியில் கடைசியாக ஒரு வரி இருந்தது. 'தனியாகப் பிரசவம் பார்க்கத் தகுதியானவர்' என்று பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கூடப் படித்த எல்லோருக்கும் அது கிடைத்துவிட்டது. மரகதத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை.

பயிற்சியாளர் பெயர் ஜெபசீலி. மரகதத்தைவிட ஆறேழு வயது இளையவர். குள்ளமான உருவம். பிரசவ மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை பார்ப்பார். வார்டுக்குள் மரகதத்தை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார். வெளியே வந்தால் 'அக்கா'. மரகதம் அவரை எங்கேயும் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டாள்.

மாதக் கடைசிக்குள் கையெழுத்து வராவிட்டால் மரகதம் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். கூட்டாறு மலை சுகாதார நிலையத்தில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். அல்லது யாருக்கும் போகாது. அந்த மலைக்குப் போக யாரும் பேர் கொடுக்கவில்லை. மரகதம் மட்டும்தான் கொடுத்திருந்தாள்.

கூட்டாற்றிலிருந்து அங்கன்வாடி டீச்சர் வள்ளிமயில் அடிக்கடி போன் செய்வாள்.

"எப்ப சிஸ்டர் வர்றீங்க? இங்க மாசமா இருக்கிறவங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"வந்துடுவேன். ஒரு வேலை பாக்கி இருக்கு."

"போன வாரம் ஒரு பொண்ணு இறங்குற வழியில ஜீப்பிலேயே பெத்துட்டா. குழந்தை நல்லாயிருக்கு. அவதான் இன்னும் எந்திரிக்க மாட்டேங்குறா."

"ரத்தம் நிறையப் போச்சா?"

"தெரியலையே சிஸ்டர். ஜீப்ல பாய் போட்டிருந்தாங்க. பாயைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க."

அந்தப் போனுக்குப் பிறகு மரகதத்தால் சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை வார்டு வாசலில் ஜெபசீலியை நிறுத்திக் கேட்டாள்.

"மேடம், என்கிட்ட என்ன குறை?"

ஜெபசீலி கொஞ்சம் யோசித்தார்.

"வேலையில குறை இல்லையே அக்கா."

"அப்புறம் ஏன் மேடம் கையெழுத்து..."

"இன்னிக்கு ஒரு கேஸ் இருக்கு. பார்த்துட்டுப் பேசலாம்."

அன்று பிறந்தது பெண் குழந்தை. சிக்கல் எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு மட்டும் ரத்தம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. மரகதம் வயிற்றைத் தடவி விட்டாள். கர்ப்பப்பை இறுகியது. ரத்தம் நின்றது. மரகதத்தின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் ஜெபசீலி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். மற்றப் பயிற்சியாளர்களைப் போல ஊசி மருந்தின் அளவைக் கேட்க மாட்டார், புத்தகத்தில் உள்ளதைக் கேட்க மாட்டார்.

"எந்த இடத்துல பயந்தீங்க?"

கூடப் படிக்கும் பெண்கள் ஏதாவது சொல்வார்கள். தலை வெளியே வரும்போது, குழந்தை அழ நேரமானபோது, அந்த அம்மா மயக்கமா வருதுன்னு சொன்னபோது என்று ஆளுக்கு ஒன்று. ஒருத்தி அழுதே விட்டாள். மரகதம் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வாள். அன்றும் சொன்னாள்.

"எங்கேயும் இல்ல மேடம்."

"சரி," என்றார் ஜெபசீலி. கையில் எடுத்த பேனாவைத் திரும்பப் பையில் குத்திக்கொண்டு போய்விட்டார்.

மரகதம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் சின்னப் பெண்கள், ஊருக்குள் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள். அவர்கள் பயந்தால் பரவாயில்லை. தான் மலைக்குப் போகிறவள். தன்னிடம் எங்கோ பயம் தெரிந்திருக்கிறது. கையிலா, குரலிலா என்றுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துத்தான் மேடம் கையெழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்.

பயம் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது. பதினாறு வருடமாக வெவ்வேறு வார்டுகளில் வேலை பார்த்தபோது இல்லாத பயம் இங்கே வந்த நாளிலிருந்து கூடவே இருந்தது. டியூட்டிக்கு வந்ததும் கையுறை, ஊசி மருந்து, குழந்தைக்குக் காற்றுக் கொடுக்கும் பை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு நகர்ந்ததும் திரும்ப வந்து பார்ப்பாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர்கள், "அக்கா மாதிரி இருக்கணும்" என்றார்கள். அந்தப் பேரை அவள் விட விரும்பவில்லை.

அன்றிலிருந்து முகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சில நாள் கழித்து மத்தியானம் சுகந்தி என்றொருத்தி வந்தாள். இரண்டாவது பிரசவம். கணவன் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவன். அவன் வெளியே வராந்தாவில் நின்றான். சுகந்தி வலியின் நடுவிலும் பேசிக்கொண்டே இருந்தாள்.

"மூத்தவனே பெரிய பிள்ளை சிஸ்டர். இவன் அவனைவிடப் பெரிசுன்னு ஸ்கேன்ல சொன்னாங்க."

"பெரிசா இருந்தா நல்லதுதானேம்மா. ஊருக்குப் போய்க் காட்டலாம்."

சுகந்தி சிரித்தாள். அடுத்த வலி வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

ஜெபசீலி ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "நான் இங்க இல்லைன்னு வச்சுக்கோங்க சிஸ்டர்," என்றார். மரகதம் கையுறையை மாட்டினாள். இதுதான் சோதனை என்று நினைத்தாள்.

எல்லாம் சரியாகவே போனது. சுகந்தி நன்றாக முக்கினாள். மரகதம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்ப மூச்சு விடும்மா, இப்ப லேசா, அவ்வளவுதான், தலை வந்துடுச்சு.

தலை வந்தது. பிறகு அது திரும்பவில்லை. கன்னம் இரண்டும் சதையில் பதிந்து, வந்த தலை சற்றே உள்வாங்கியது, ஆமை தலையை இழுத்துக்கொள்வது போல.

தோள் உள்ளே மாட்டியிருக்கிறது. மரகதத்துக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. வாய்மொழித் தேர்வில் இதே கேள்வி வந்தது. முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். உதவிக்குக் கூப்பிடுவேன் என்று சொல்லி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அழைப்பு பெல் அவள் இடது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கூப்பிட்டால் கையெழுத்துப் போச்சு என்று ஒரு நினைப்பு வந்தது. அவளே எடுத்துவிட்டால்? காலை மடக்கிப் பார்த்தால் வந்துவிடலாம். ஒரு மூச்சு விடும் நேரம். இன்னொரு மூச்சு. சுகந்தியிடம் பேசிக்கொண்டிருந்த அவள் வாய் நின்று போயிருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

ஜன்னலோரத்திலிருந்து எழுந்த ஜெபசீலிக்குத் தெரிந்தது. அவர் கை பெல்லை அழுத்தியது. "தோள் மாட்டியிருக்கு, எல்லாரும் வாங்க," என்று வெளிப்பக்கம் கேட்கும்படி சொன்னார். அதே மூச்சில் சுகந்தியின் முகத்துக்கு அருகே குனிந்து, "சுகந்தி, முக்காதம்மா. காலை மட்டும் எங்ககிட்ட விடு," என்றார். அந்தக் குரல் காய்கறிக் கடையில் விலை கேட்பது போல இருந்தது.

இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சுகந்தியின் கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார்கள். ஜெபசீலி பலகைமேல் ஏறி அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினார். "இப்ப சிஸ்டர். இழுக்க வேண்டாம். வரும், வர விடுங்க." மரகதத்தின் கைகள் அவர் சொன்னதைச் செய்தன. தோள் நழுவியது. குழந்தை முழுதாக வெளியே வந்தது.

வந்த குழந்தை துவண்டு கிடந்தது.

துடைத்தார்கள். முதுகைத் தேய்த்தார்கள். காற்றுப் பையை வைத்து ஜெபசீலி அழுத்தினார். அந்த அறையில் யாரும் பேசவில்லை. சுகந்தி மட்டும், "ஏன் சத்தமே இல்ல, ஏன் சத்தமே இல்ல," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே அவள் கணவனின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

பிறகு குழந்தை இருமியது. ஒரு முறை சிணுங்கியது. அதற்குப் பிறகு அது போட்ட சத்தத்தில் வெளியே நடந்துகொண்டிருந்த செருப்பு நின்றது.

டியூட்டி டாக்டர் வந்து குழந்தையின் கையையும் தோளையும் அசைத்துப் பார்த்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. "நல்லாப் பண்ணியிருக்கீங்க," என்று மரகதத்தைப் பார்த்துச் சொன்னார். மரகதம் தலையாட்டினாள்.

ஜெபசீலி அன்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு, கை கழுவும் இடத்தில் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். மரகதம் குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கையை நீட்டாமல் நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபசீலி வந்து குழாயை மூடினார்.

"நாடி பாருங்க அக்கா," என்று தன் கையை நீட்டினார்.

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்."

மரகதம் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணத் தொடங்கி, நிறுத்தினாள். எண்ண வேண்டியிருக்கவில்லை. தோலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. சுகந்தி குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கியே போயிருந்தாள். இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நேரமாவா மேடம்?"

"வீட்டுக்குப் போற வரைக்கும் இப்படித்தான் இருக்கும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

மரகதம் கையை விடவில்லை.

"வெளியே கொஞ்சம்கூடத் தெரியலையே மேடம்."

"தெரிஞ்சுதே," என்றார் ஜெபசீலி. "பெல் அடிச்சேனே."

மரகதம் கையை விட்டாள். சுவரோரமாகப் போய் நின்றாள். "நான் பார்த்துட்டேன் மேடம்," என்றாள்.

"என்ன?"

"தலை உள்வாங்கினதை நான் உடனேயே பார்த்துட்டேன். தெரியாம நிக்கல. தெரிஞ்சுதான் நின்னேன். நீங்க பார்க்குறீங்களேன்னு நின்னேன்."

ஜெபசீலி அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மூச்சு நேரம். அந்தக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிசு." இந்த ஒன்றரை வருடப் பயிற்சியில் முதல் தடவையாக அவள் முகம் கலைந்ததை ஜெபசீலி பார்த்தார். "எனக்கு வந்த நாள்லேர்ந்து பயம் மேடம். ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னேன். இவ்வளவு பயந்தவ மலைக்குப் போகக் கூடாது. நான் எழுதிக் கொடுத்துட்டுப் பழையபடி ஊசி போடுற ரூமுக்கே போயிடுறேன்."

"எழுதிக் கொடுங்க," என்றார் ஜெபசீலி.

மரகதம் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஆனா மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்கு டியூட்டி போட்டிருக்கு. அதை முடிச்சுட்டு எழுதிக் கொடுங்க."

"பெல் அடிச்சா பயம் தெரிஞ்சுடுமே. சுகந்தி முன்னாடி எப்படி மேடம் பயத்தைக் காட்டுறது? அவ இன்னும் மிரண்டுட மாட்டாளா?"

"அவகிட்ட எதுக்குக் காட்டணும்? அவளுக்கு அவ பயமே போதும்."

ஜெபசீலி கையைக் கழுவிக்கொண்டு, ஈரத்தை முந்தானையில் துடைத்தபடி போனார்.

அடுத்து வந்த நாட்கள் மரகதத்துக்கு மோசமாக இருந்தன. முன்பு பயத்தை மூடி வைக்க ஒரு முகம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வள்ளிமயில் இரண்டு முறை போன் செய்தாள். மரகதம் எடுக்கவில்லை. எடுத்தால் வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தைரியமும் அவளிடம் இல்லை. விலகல் கடிதத்தை எழுதி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் டியூட்டியில் ரமீஜா என்ற பெண் அவள் பொறுப்பில் வந்தாள். தலைப் பிரசவம். வயது இருபதுகூட நிறைந்திருக்காது போலிருந்தாள். ஒவ்வொரு வலிக்கும் மரகதத்தின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். வலி போனதும், "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், கசங்கிடுச்சு," என்றாள்.

"கசங்கட்டும். பிடிச்சுக்கோ."

ஜெபசீலி அன்று அறைக்குள் இல்லை. வராந்தா மேசையில் ஏதோ வேலையாக இருந்தார்.

மரகதம் கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டாள். நன்றாக இருந்தது. அடுத்த வலி முடிந்ததும் கேட்டாள். துடிப்பு மெதுவாகக் கேட்டது. பிறகு வேகம் பிடித்தது. இல்லை, முதலில் கேட்டது ரமீஜாவின் நாடியாக இருக்குமோ? அவளை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். இன்னொரு வலி வந்து போனது. திரும்பக் கேட்டாள். மெதுவாக இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கருவியின் இரைச்சலில் பிடிபடவில்லை.

இன்னொரு வலி வரை பொறுக்கலாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. டாக்டர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். இப்போதுதான் சாப்பிடப் போனார். இவ்வளவு வருட அனுபவம் உள்ளவள், நிச்சயமாகத் தெரியாத ஒன்றுக்குக் கூப்பிட்டால் என்ன நினைப்பார்கள்?

மரகதத்தின் கை பெல்லை அழுத்தியது.

ரமீஜா மிரண்டு பார்த்தாள். "என்ன ஆச்சு சிஸ்டர்?"

"டாக்டர் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும்மா. உன் கையை எடுக்காதே, நான் இங்கதான் இருக்கேன்."

டாக்டர் வந்தார். ஒரு கையில் இன்னும் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. மரகதம் வாசல் வரைக்கும் போய், உள்ளே கேட்காத குரலில் பேசினாள்.

"துடிப்பு விழுற மாதிரி இருந்துச்சு சார். உறுதியாச் சொல்ல முடியல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு தடவை பார்க்கணும்."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து, ரமீஜாவின் நாடியைப் பிடித்துக்கொண்டே குழந்தையின் துடிப்பைக் கேட்டார். ஒரு வலி முழுக்கக் கேட்டார். அடுத்த வலியிலும் கேட்டார். துடிப்பு சீராக இருந்தது. குதிரை ஓடுவது போல அறை முழுக்கக் கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"ஆமா சார்."

"இதுக்கா கூப்பிட்டீங்க?"

அவர் நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை. களைத்திருந்தார், அவ்வளவுதான். "அடுத்த தடவை இன்னும் ஒரு தரம் நல்லாக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுத் திறந்து வைத்த டிபன் பாக்ஸுக்குத் திரும்பிப் போனார். கதவருகே நின்ற இரண்டு பயிற்சி நர்சுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரகதத்துக்குக் காது சுட்டது.

சாயங்காலம் ரமீஜாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. தளர்வாகத்தான் இருந்தது. மரகதம் விரலால் தூக்கித் தலைக்குமேல் கழற்றினாள். குழந்தை உடனே அழுதது. எல்லாப் பிரசவத்தையும் போல ஒரு பிரசவம்.

வேலையெல்லாம் முடித்துவிட்டு அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வராந்தா மேசைக்குப் போனாள். ஜெபசீலி தலை நிமிர்ந்தார்.

"எந்த இடத்துல பயந்தீங்க அக்கா?"

"எல்லா இடத்துலயும் மேடம். வலி ஆரம்பிச்சதுலேர்ந்து நஞ்சு விழுற வரைக்கும். அப்புறமும்."

ஜெபசீலி மேசை டிராயரைத் திறந்து மரகதத்தின் படிவத்தை எடுத்தார். கடைசி வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டார். தேதியையும் போட்டு, மை காய ஒரு தரம் ஊதினார்.

மரகதம் கையிலிருந்த கடிதத்தோடு அப்படியே நின்றாள்.

"மேடம், இன்னிக்கு நான் சும்மா கூப்பிட்டேன். ஒண்ணுமே இல்லாததுக்குக் கூப்பிட்டேன். டாக்டர் சாப்பாட்டுலேர்ந்து எழுந்து வந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"கேள்விப்பட்டேன்."

"அதுக்குப் போயா கையெழுத்துப் போடுறீங்க?"

"ஒண்ணுமே இல்லைன்னு கூப்பிடுறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

ஜெபசீலி படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

மரகதம் அதை உடனே எடுக்கவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் ரமீஜாவின் வீட்டார் யாருக்கோ போன் செய்து பையன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரகதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் மேடத்தின் எதிரில் உட்கார்ந்ததில்லை.

"கூட்டாறு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"போனதில்ல. சொல்லுங்க."

"ஒரே ஒரு ரூம். ஒரு கட்டில். சாயங்காலம் ஆனா மேகம் இறங்கிடும். மழை பெய்ஞ்சா போன் எடுக்காது. ஜீப் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் டீத்தூள் மூட்டை ஏத்திக்கிட்டுப் போயிருந்தா திரும்பி வரணும். வந்து, ஏத்தி, இறங்கி வந்து சேர்றதுக்குள்ள..." அவள் நிறுத்தினாள். "இங்க நான் பெல் அடிச்சா கை கழுவாமகூட டாக்டர் ஓடி வர்றாரு. அங்க கூப்பிட்டா ஓடி வர யாரும் இல்ல. பக்கத்துல நீங்களும் இல்ல. பயம் மட்டும் இருக்கும். அதை வச்சுக்கிட்டு அங்க நான் என்ன மேடம் பண்றது?"

ஜெபசீலி பேனாவை மூடினார்.

"அங்க கொஞ்சம் சீக்கிரமாவே பயப்படுங்க அக்கா."